வெளிநாட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த ஊர் ஆங்கில நாளிதழ் பயன்படுமா? தரம் எப்படி இருக்கும்?

2012 முதல் 2019 வரை கம்போடியாவின் தலைநகர் புனோம் பென்னில், ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். கெமர் மொழியில் எண்களையும் சில வசவுகளையும் தாண்டி நான் கற்றுக்கொள்ளவில்லை. ஊர் நடப்பு தெரிய ஆங்கில நாளிதழ்தான் கதி. அதனால் எனக்குத் தெரிந்த அந்த ஒரு ஊரை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதல் பார்வைக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. சென்னையில் காலையில் கனமான ஆங்கில நாளிதழைப் பிரித்துப் பழகியவனுக்கு, ‘கம்போடியா டெய்லி’ பள்ளி ஆண்டு மலர் போலத் தெரிந்தது. அளவில் சிறியது, பக்கங்களும் குறைவு. உலகச் செய்திகள் பெரும்பாலும் செய்தி நிறுவனங்களிடம் வாங்கியவை. ‘புனோம் பென் போஸ்ட்’ பார்ப்பதற்குக் கொஞ்சம் செழிப்பாக இருக்கும். அதில் உள்ளூர் கெமர் இதழ்களிலிருந்து மொழிபெயர்த்த குற்றச் செய்தித் துணுக்குகள் வரும். வெளிநாட்டவர் மத்தியில் அந்தப் பகுதிக்கு ஏக வரவேற்பு. ஏழைகளின் சாவையும் சண்டையையும் நகைச்சுவையாக எழுதுவார்கள். முதலில் நானும் சிரித்தேன். எங்கள் தையல் பிரிவுப் பெண் ஒருத்தியின் அண்ணன் விபத்தில் இறந்த பிறகு அந்தப் பகுதியைப் படிப்பதை விட்டுவிட்டேன்.

ஆனால் என் தொழிலில் சட்டையின் தரத்தை வெளிப்பக்கம் பார்த்துச் சொல்வதில்லை, உட்புறம் திருப்பித் தையலைப் பார்க்க வேண்டும். நாளிதழையும் அப்படிப் பார்க்கக் கற்றுத்தந்தது 2014 ஜனவரி.

குறைந்தபட்ச மாத ஊதியத்தை 160 டாலராக உயர்த்தக் கேட்டு ஆடைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அரசு 100 வரை இறங்கி வந்திருந்தது. ஜனவரி 3 அன்று புனோம் பென்னின் வெங் ஸ்ரெங் சாலையில் ராணுவக் காவலர்கள் சுட்டதில் குறைந்தது நான்கு பேர் இறந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் சொன்னது ‘வெளியாட்கள் கலவரம்’ என்ற ஒற்றை வரி. தொலைக்காட்சி நிலையங்கள் பெரும்பாலும் ஆளும் தரப்புக்கு நெருக்கமானவர்கள் கையில் இருந்தன. பக்கம் குறைவு என்று நான் இளப்பமாக நினைத்த அந்த ஆங்கில நாளிதழ்களில்தான் என் வரிசையில் உட்கார்ந்து தைக்கும் பெண்கள் எவ்வளவு வாடகை கொடுக்கிறார்கள், 80 டாலரில் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பதை முதன்முதலாகப் படித்தேன். இரண்டு ஆண்டுகள் அவர்களோடு வேலை பார்த்தும் கேட்காமல் இருந்தவன் நான்.

அந்த நாளிதழ்களால் இப்படி எழுத முடிந்ததற்குக் காரணம், செய்தியின் மேலே போட்டிருந்த செய்தியாளர் பெயர்களில் இருந்தது. ‘டெய்லி’யில் முக்கியச் செய்திகளுக்குப் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் போட்டிருக்கும், ஒன்று கெமர் பெயர், மற்றொன்று வெளிநாட்டுப் பெயர். தெருவில் இறங்கி ஆட்களின் மொழியிலேயே கேட்டுவர ஒருவர், ஆங்கிலத்தில் செதுக்க ஒருவர். இந்த இரட்டைப் பெயர் இல்லாத இதழ் எப்படி இருக்கும் என்பதையும் பார்த்தேன். எங்கள் தொழிற்சாலையில் ஒருநாள் பெண்கள் கூட்டமாக மயங்கி விழுந்தார்கள் (கம்போடிய ஆலைகளில் இது அடிக்கடி நடந்தது). ஓர் இதழ் எங்கள் நிர்வாகம் அனுப்பிய அறிக்கையை எழுத்துப்பிழை உட்பட அப்படியே அச்சிட்டது. இன்னோர் இதழின் கெமர் செய்தியாளர் மருத்துவமனைக்கே போய், காலையில் சாப்பிட்டீர்களா, உள்ளே எவ்வளவு வெக்கை என்று கேட்டு எழுதினார். இரண்டும் ஒரே விலைதான்.

1993-இல் தொடங்கிய ‘டெய்லி’க்கு 2017 ஆகஸ்டில் 63 லட்சம் டாலர் வரிபாக்கி என்று அரசு ஒரு மாதக் கெடு விதித்தது. செப்டம்பர் 4-ஆம் தேதி வந்தது கடைசி இதழ். முந்தைய நாள் எதிர்க்கட்சித் தலைவர் கெம் சோக்கா கைதானதைப் பற்றி, ‘அப்பட்டமான சர்வாதிகாரத்துக்குள் இறக்கம்’ என்ற பொருளில் முதல் பக்கத் தலைப்பு. மூடுகிற நாளிலும் செய்திதான் போட்டார்கள்.

அடுத்த மே மாதம், 1992 முதல் வந்துகொண்டிருந்த ‘போஸ்ட்’ கைமாறியது. வாங்கியவர் மலேசியாவைச் சேர்ந்த சிவகுமார் கணபதி. பெயரைக் கேட்டு எங்கள் கேன்டீனில் ‘நம்மவர்’ என்று ஒரே பெருமை. அது மூன்று நாள் கூட நிற்கவில்லை. புது உரிமையாளரின் மக்கள் தொடர்பு நிறுவனத்துக்கும் அப்போதைய பிரதமர் ஹுன் சென்னின் அரசுக்கும் முன்பே இருந்த தொடர்பைப் பற்றி அதே இதழ் செய்தி வெளியிட்டது. அந்தச் செய்தியை நீக்கச் சொன்னது புது உரிமையாளர் தரப்பு. தலைமை ஆசிரியர் வேலையிழந்தார், மூத்த செய்தியாளர்கள் சிலர் விலகினார்கள். அதற்குப் பிறகும் வழவழப்பான தாளில் இதழ் வந்தது, ஆங்கிலமும் பிழையில்லாமல்தான் இருந்தது. எனக்குத்தான் காலையில் அதைத் தேடும் பழக்கம் போய்விட்டது. அச்சுப் பதிப்பு 2024 மார்ச்சில் நின்றுபோனது.

ஆகவே நீங்கள் போகிற ஊரில் இலக்கணப் பிழைகளை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், உணவக விளம்பரங்களையும் தூதரக விருந்துப் படங்களையும் தள்ளிவிடுங்கள். உள்ளூர்ப் பெயர்கள் செய்திகளின் மேல் இருக்கின்றனவா, அந்த இதழின் உரிமையாளரைப் பற்றி ஒரு செய்தியாவது எப்போதாவது வருகிறதா என்று ஒரு மாதம் பாருங்கள். அதற்குப் பிறகு சந்தா கட்டலாம்.