தரைத்தளம் எடுக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, அடுத்த மாதம் ஹெச்1பி வேலை விசாவில் மனைவியோடு ஹூஸ்டன் வருவதாக எழுதியிருந்தீர்கள். தரைத்தள அபார்ட்மென்ட் 110 டாலர் குறைவாகக் கிடைக்கிறது, எடுக்கலாமா, கார் உடனே வாங்கணுமா, கிரெடிட் கார்டு எப்படி என்று கேட்டிருந்தீர்கள். காரும் கார்டும் வந்த இரண்டு வாரத்தில் பிடிபட்டுவிடும், அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தரைத்தளம் மட்டும் வேண்டாம்.

நான் வந்தது 2017 ஆகஸ்ட் முதல் வாரம். நானும் இதே கணக்குப் போட்டுத்தான் பேயூ ஓரமாகத் தரைத்தளம் எடுத்தேன். பேயூ என்பது ஊருக்குள் மெல்ல நகரும் ஆறு. வெயில் நாளில் வாய்க்கால் மாதிரிதான் தெரியும். மூன்றே வாரத்தில் ஹார்வி புயல் வந்தது. 27-ஆம் தேதி ஞாயிறு விடியற்காலை கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தால் கணுக்கால் வரை தண்ணீர். மதியத்துக்குள் இடுப்பளவு. பாஸ்போர்ட்டையும் விசா காகிதங்களையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். முன்பின் தெரியாத ஒருவர் மீன்பிடிப் படகில் வந்து ஏற்றிப்போனார். நிவாரண முகாமாக மாறியிருந்த ஜார்ஜ் பிரவுன் மாநாட்டு மையத்தில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இருந்தார்கள். அங்கே நான்கு இரவு.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் செப்டம்பர் வாடகை கேட்டார். கொடுத்தேன், அக்டோபருக்கும் கொடுத்தேன். குடியிருக்கவே முடியாத அளவுக்கு வீடு கெட்டுப்போனால் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்று டெக்சஸ் சட்டமே சொல்கிறது. அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. இப்போது அந்தப் பிரிவு எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்: 92.054.

மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபெமாவின் பண உதவி குடிமக்களுக்கும், கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும், அகதிகள் போன்ற சில பிரிவினருக்கும்தான். ஹெச்1பிக்குக் கிடையாது. இங்கே பிறந்த குழந்தை இருந்தால் அதன் பெயரில் கேட்கலாம். எங்கள் மகள் அடுத்த வருடம்தான் பிறந்தாள். வழக்கமான வாடகைதாரர் காப்பீடும் வெள்ளத்துக்குச் செல்லாது. வெள்ளக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும், அது நடைமுறைக்கு வரப் பொதுவாக 30 நாள் ஆகும். புயல் கிளம்பிவிட்டது என்று செய்தி பார்த்துவிட்டு வாங்க முடியாது, கையெழுத்துப் போடும் அன்றே வாங்குங்கள். 2022 முதல், வீடு வெள்ள அபாயப் பகுதியில் இருக்கிறதா, கடந்த ஐந்து ஆண்டில் தண்ணீர் புகுந்ததா என்று வீட்டுக்காரர் எழுத்தில் சொல்லியாக வேண்டும். ஆனால் வெள்ள அபாய வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். ஹார்வியில் மூழ்கிய வீடுகளில் பெரும்பாலானவை அந்த வரைபடத்தில் குறித்த அபாயப் பகுதிக்கு வெளியேதான் இருந்தன.

இங்கே வந்ததும் நம்மவர்கள் சிலர் உங்களுக்கு இன்னொன்றும் சொல்வார்கள்: "புயல் எல்லாருக்கும் ஒன்றுதான், நாங்கள் உழைத்து எழுந்துவிட்டோம், அவர்கள் இலவசப் பணத்துக்குக் காத்திருக்கிறார்கள்." "அவர்கள்" என்றால் கறுப்பினத்தவர் என்று உங்களுக்கே புரியும். விருந்துகளில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆறவே இல்லை. மழை ஒன்றுதான், சரி. மெமோரியல் பக்கம் பணக்கார வீடுகளும் மூழ்கின. நானே அங்கே போய் நனைந்த சுவரை உடைத்து வெளியே போட்டிருக்கிறேன். அடுத்த வாரம், கறுப்பினத்தவர் அதிகம் வாழும் ஏழைப் பகுதியான காஷ்மியர் கார்டன்ஸில் அதே வேலை. மெமோரியல் வீட்டில் காப்பீட்டு ஆள் வந்து போயிருந்தார், ஒப்பந்ததாரர் வாசலில் நின்றார். காஷ்மியர் கார்டன்ஸ் தெருவில் மழைநீர் போக இன்றும் திறந்த சாக்கடைதான். இறந்துபோன தாத்தா பெயரிலேயே பத்திரம் நிற்கும் வீடுகள் தென்மாநிலக் கறுப்பினக் குடும்பங்களில் ஏராளம். உரிமையைக் காட்டும் காகிதம் இல்லை என்று அப்படிப்பட்டவர்களுக்கு ஃபெமா உதவி மறுக்கப்பட்டது. அந்த விதியை ஃபெமா 2021-இல்தான் தளர்த்தியது.

2021-இல் ஹார்விக்கென வந்த மத்திய அரசுப் பணத்தில் 100 கோடி டாலரை மாநில நில அலுவலகம் பங்கிட்டபோது, முதலில் ஹூஸ்டன் மாநகருக்கு ஒரு காசும் ஒதுக்கவில்லை. அந்தப் பங்கீடு கறுப்பின, ஹிஸ்பானிக் மக்களுக்குப் பாகுபாடு காட்டியது என்று மத்திய வீட்டுவசதித் துறை அடுத்த ஆண்டே முடிவு சொன்னது. 1999 முதல் 2013 வரை குடும்பங்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு உண்டு, அதை எழுதிய இருவரில் ஒருவர் இங்கே ரைஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். இயற்கைப் பேரிடரால் 1,000 கோடி டாலர் சேதம் கண்ட கவுன்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) வெள்ளையர்களின் சொத்து சராசரியாக 1,26,000 டாலர் கூடியிருக்கிறது. கறுப்பினத்தவருக்கு 27,000 குறைந்திருக்கிறது. ஆசியர்களுக்கும் 10,000 குறைவு. இதை விருந்தில் சொன்னால் பேச்சு உடனே பள்ளிக்கூட ரேங்குக்கு மாறிவிடும்.

மாநாட்டு மையத்தில் முதல் இரவு, படுக்க இடம் தெரியாமல் நின்ற எங்களைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் இரண்டு கட்டில் பிடித்து வைத்தவர் எழுபது வயது கறுப்பினப் பெண்மணி. எந்த வரிசையில் போர்வை, எந்த வரிசையில் மருந்து என்று கைபிடித்துக் காட்டினார். அவர் வீடுதான் நான் பிறகு போன காஷ்மியர் கார்டன்ஸ் வீடு. நான் நான்கு மாதத்தில் வேறு வீட்டில் இரண்டாம் மாடிக்குப் போய்விட்டேன். 2020-இல் மகளைத் தூக்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனபோதும் கூரைமேல் நீலத் தார்ப்பாய் கிடந்தது. ஒரே ஒரு அறையில் சுவர் எழுப்பி, அங்கேயே சமைத்து, அங்கேயே படுத்திருந்தார். மகளுக்கு ஒரு போர்வை கொடுத்தார். மாநாட்டு மையத்தில் அவருக்குக் கொடுத்த அதே போர்வை.