சில்லர் பூட்டிய கணினி வியர்த்தால் என்ன செய்வது?

கொக்குவில் வாசகர் ஒருவரின் கேள்வி: “வீடியோ எடிட்டிங் கணினியின் நீர்க்குளிரூட்டலோடு சிறிய சில்லர் (நீரைக் குளிரவைக்கும் இயந்திரம்) ஒன்றைப் பூட்டினேன். நீரை 15 பாகையில் வைத்தால் குழாய் முழுக்க வியர்க்கிறது. ஸ்பொஞ் சுற்றினால் போதுமா?”

போதாது. ஸ்பொஞ் நிலைமையை இன்னும் மோசமாக்கும். அதன் திறந்த துளைகள் வழியே ஈரக்காற்று குளிர்ந்த குழாய்வரை போய் நீராகி, உள்ளேயே ஊறிக் கிடந்து, பிறகு கிராபிக்ஸ் கார்ட்டின் மேல் சொட்டும்.

முதலில் பனிபடுநிலையை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலையை, கணக்கிடுங்கள். 100இலிருந்து சாரீரப்பதனை (ஈரப்பதன்மானி காட்டும் சதவீதத்தை) கழித்து, 5ஆல் வகுத்து, வரும் விடையை அறை வெப்பநிலையிலிருந்து கழிக்க வேண்டும். 30 பாகை, 75 சதவீதம் என்றால் பனிபடுநிலை ஏறக்குறைய 25. அதற்குக் கீழே போன எந்தப் பரப்பும் வியர்க்கும். ஈரப்பதன்மானியைக் கணினிக் கேசுக்குள் வைத்தால், வெப்பநிலையையும் அங்கேயே அளந்து கணக்கிடுங்கள்.

ஆகவே திறந்த அறையில் நீர் 27 பாகைக்குக் குறையக் கூடாது. ஏசி அறையில், 24 பாகையும் 50 சதவீதமும் இருந்தால், 17 வரை போகலாம். ஆனால் ஏசி நின்று கதவும் திறந்துவிட்டால் இந்தக் கணக்கு சரிவராது. எடிட்டிங் வேலைக்கு 15 பாகை தேவையே இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

பனிபடுநிலைக்குக் கீழேதான் போவீர்கள் என்றால், ஏசியின் செப்புக் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு றப்பர் நுரையை வாங்குங்கள்; தடிப்பு 9 முதல் 13 மில்லிமீற்றர். மூட்டுகளைப் பசையால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். சிறு இடைவெளி இருந்தாலும் நீர் அங்கேதான் கோர்க்கும். பலர் மறப்பது மதர்போர்ட்டின் பின்பக்கம்: புரொசசர் பொருந்தும் சொக்கெட்டின் உலோகம் வழியே குளிர் அங்கும் இறங்கும். அங்கேயும் நுரை வையுங்கள். சொக்கெட்டைச் சுற்றி மின்கடத்தாச் சிலிக்கன் கிறீஸ் பூசுங்கள்.

வேலை முடிந்ததும் சில்லரை முதலில் நிறுத்துங்கள். நீர் பனிபடுநிலையைத் தாண்டும்வரை கணினி ஓடட்டும். பிறகு சுவர் சுவிச்சையும் அணையுங்கள். கணினியை அணைத்தாலும் போர்ட்டில் 5 வோல்ற் நிற்கும். தூய நீர் மின்னை அதிகம் கடத்தாது. தூசியும் கடற்காற்றின் உப்பும் கரைந்தால் கடத்தும். செப்பு இணைப்புகளில் பச்சை பூப்பது இதனால்தான்.

நனைந்துவிட்டால், வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்க்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, போர்ட்டின் பற்றரியைக் கழற்றி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் அற்ககோலால் மென்தூரிகை கொண்டு கழுவி, மின்விசிறிக் காற்றில் ஒரு நாளாவது உலர விடுங்கள்.