திடீர்ப் பிரதமர்

கேள்வி: கர்நாடகத்துக்கு வெளியே பெயரே தெரியாத தேவகவுடா 1996-ல் திடீரென்று தேசியத் தலைவர் ஆகிவிட்டார். அந்த அதிர்ஷ்டம் நம் தலைவர்கள் யாருக்காவது வருமா? (ஒரு வாசகர், ஓசூர்)

பதில்: மதுரையில் திடீர் நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதன் பெயரில் காவல் நிலையமே உண்டு. ஜனங்கள் அங்கே பிறந்து, கல்யாணம் செய்து, பேரன் பேத்தியும் எடுத்துவிட்டார்கள். இன்னமும் அது ‘திடீர்’தான். குடியிருப்பவருக்கு அது வெறும் ஊர். அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவருக்குத்தான் திடீர்.

தேவகவுடா கதையும் அதுவே. 1962-ல் காங்கிரஸ் சீட் கொடுக்காததால் ஹொளெநரசிபுரத்தில் சுயேச்சையாக நின்று ஜெயித்தவர். சிவில் என்ஜினியரிங் டிப்ளமோ படித்துவிட்டு காண்ட்ராக்ட் வேலை எடுத்துக்கொண்டிருந்த விவசாயி வீட்டுப் பிள்ளை. எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார், நெருக்கடி நிலையில் பெங்களூர் சிறையில் இருந்தார். முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டேயிடம் மந்திரியாகப் பொதுப்பணியும் பாசனமும் பார்த்தார். பாசனத்துக்குப் பணம் போதவில்லை என்று சண்டை போட்டு மந்திரி பதவியை விட்டார். 1989-ல் மண்ணைக் கவ்வினார். 1994 டிசம்பரில் முதல்வர் ஆனார். டெல்லிப் பத்திரிகைகளைப் பொறுத்தவரை இந்த மனிதர் 1996 ஜூன் 1-ம் தேதி ராஷ்டிரபதி பவனில் பிறந்தார்.

உண்மையில் திடீர் என்று சொல்லத்தக்கது அவருக்குக் கிடைத்த நாற்காலி மட்டும்தான். வாஜ்பாயின் 13 நாள் அரசு கவிழ்ந்தது. அடுத்து வந்த ஐக்கிய முன்னணிக் கூட்டணிக்கு ஒரு பிரதமர் தேவைப்பட்டார். வி.பி. சிங் மாட்டேன் என்றார். ஜோதிபாசு தயார்தான், அவருடைய மார்க்சிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு தயாராக இல்லை. (அதை வரலாற்றுப் பிழை என்று பாசு பிற்பாடு சொன்னார்.) கவுடாவின் ஜனதா தளத்துக்கு இருந்தது 46 எம்.பி.க்கள், அதில் 16 பேர் கர்நாடகத்துக்காரர்கள். கட்சியின் எம்.பி.க்களில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுவந்தவருக்குப் பதவி கிடைத்தால் அதை அதிர்ஷ்டம் என்பதா, கணக்கு என்பதா?

சரி, தூக்கத்துக்கு வருவோம். நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தேவகவுடா என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது மேடையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் அந்தப் புகைப்படம்தான். எத்தனை கேலிச் சித்திரங்கள்! எனக்கு அதில் நெடுநாள் கோபம். மார்கழியில் சென்னை சபாக்களில் போய்ப் பாருங்கள். ஆலாபனையின்போது கண்ணை மூடினால் பரம ரசிகர். அதே மனிதர் தனி ஆவர்த்தனத்தில் லேசாகக் குறட்டை விட்டாலும் ‘லயித்துவிட்டார்’ என்று பக்கத்து சீட்டுக்காரர் விளக்கம் தருவார். மூன்று மணி நேரம் நீளும் ஒரு விவாதத்தில் பிரதமர் கண்ணை மூடினால் மட்டும் தேசிய அவமானம். அவையில் தூங்கும் உறுப்பினர் எந்த மைக்கையும் பிடுங்கி எறிந்ததாகச் செய்தி வந்ததில்லை. என்னைக் கேட்டால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முக்கால் மணி நேரம் அவையில் விளக்கை அணைத்துவிடலாம். மசோதாக்கள் இப்போது நிறைவேறும் வேகத்துக்கு எந்தக் குந்தகமும் வராது. கேலி செய்தவர்கள் அவருடைய ராகிக் களியையும் விடவில்லை. பிரதமர் ‘முத்தே’ (களி உருண்டை) சாப்பிடுகிறார் என்பது டெல்லியில் ஒரு செய்தி! உங்கள் ஓசூரில் அது சாப்பாடு.

அப்புறம் இந்தி. 1996 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் இந்தியில் உரை படித்தார். கன்னட எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படித்தார் என்பார்கள். தனக்கு இந்தியும் ஆங்கிலமும் சரளமில்லை என்று காமராஜர் பிரதமர் பதவியை வேண்டாம் என்றதாகச் சொல்வதுண்டு. ஆனால் சாஸ்திரியையும் இந்திராவையும் அந்த நாற்காலியில் உட்கார வைத்தவர் அவர்தான். இப்போது சொல்லுங்கள், இருவரில் தேசியத் தலைவர் யார்? தேவகவுடா பிரதமர் ஆனார், அவ்வளவுதான். உங்கள் கேள்வி இரண்டையும் ஒரே பையில் போட்டுவிட்டது. (அந்தத் தேசியத் தலைவரை 1967-ல் விருதுநகரிலேயே ஒரு மாணவர் தலைவர் தோற்கடித்தார் என்பதையும் சேர்த்தே படியுங்கள். ‘காமராஜர் ஆட்சி அமைப்போம்’ என்று இன்றைக்கும் மேடையில் முழங்குகிறவர்கள் இந்த வரிக்காக எனக்கு வழக்கம்போல் கடிதம் எழுதலாம்.)

கவுடா டெல்லிக்குப் போனாரே தவிர, சொந்த மாவட்டமான ஹாசனை விட்டுப் போகவில்லை. பதவியேற்ற கையோடு பழைய பகையாளி ஹெக்டேயைக் கட்சி நீக்கியது; கட்சித் தலைவர் லாலுவின் கையெழுத்து, கவுடாவின் விருப்பம் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கிருஷ்ணா நதியின் ஆலமட்டி அணைக்காக, அவர் அரசைத் தாங்கிய ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவே முகம் சுளித்தார். காவிரி பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதே மனிதர்தான் 1996 டிசம்பரில் வங்கதேசத்தோடு 30 வருடத்துக்குக் கங்கை நீரைப் பங்கிட்டுக் கையெழுத்துப் போட்டார். பக்கத்து நாட்டோடு முடிந்தது, பக்கத்து மாநிலத்தோடு முடியவில்லை. கங்கைக் கரையில் அவருக்குத் தொகுதி இல்லை, அதுதான் காரணம் என்பேன்.

11 மாதம் நிறைவதற்குள், வெளியிலிருந்து ஆதரவு தந்த காங்கிரஸின் தலைவர் சீதாராம் கேசரி அதை வாபஸ் வாங்கினார், ஆட்சி போயிற்று. மனிதர் ஓயவில்லை. 1999-ல் ஹாசனிலேயே தோற்று, திரும்ப ஜெயித்து, 2019-ல் தொகுதியைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டுத் தும்கூரில் தோற்று, 87 வயதில் மாநிலங்களவைக்கு வந்தார். பேரனுக்குத் தொகுதி கொடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வியாதியில் நம் ஊரும் சளைத்ததில்லை என்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

நம்மவர் யாருக்காவது வருமா என்றீர்கள். 1997 ஏப்ரலில் ஏறக்குறைய வந்தது. 20 எம்.பி.க்களோடு இருந்த தமிழ் மாநில காங்கிரஸ் தலைவர் மூப்பனார் பெயர் அடிபட்டது; கடைசியில் குஜ்ரால் வந்தார். குறுக்கே நின்றது யார் என்று மட்டும் தயவுசெய்து அடுத்த கேள்வி அனுப்பாதீர்கள். போன முறை பதில் சொன்னதற்கு வந்த வசவுக் கடிதங்களையே இன்னும் படித்து முடிக்கவில்லை.