35,000 ரூபாயும் 40 வீதமும்

வணக்கம் அண்ணா. போன மாதம் பர்சனல் ட்ரெய்னர் சோதனை பாஸ் பண்ணிச் சான்றிதழ் எடுத்துவிட்டேன். பக்கத்து ஜிம்மில் அடிப்படைச் சம்பளம் 35,000, தனிப் பயிற்சிக்கு 40 வீதம் கமிஷன் என்கிறார்கள். "இதுக்கா இவ்வளவு காசு கட்டிப் படிச்சனி?" என்று அம்மா கேட்கிறா. இதில் முன்னுக்கு வர வழியிருக்கிறதா, இல்லை டுபாய்க்குப் பார்ப்பதா?
— ஒரு வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

அம்மா கேட்பது நியாயம்தான். 2026 ஜனவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 30,000. ஆனால் இந்தத் தொழிலில் வருமானம் அந்த 40 வீதத்தில்தான் இருக்கிறது.

ஜிம் ஒரு மணித்தியாலத்துக்கு 2,000 வாங்குகிறது என்று வைப்போம். உங்கள் பங்கு 800. வாரம் 3 நாள் வருகிறவரால் மாதம் 9,600. ஐந்து பேர் என்றால் 48,000. இது கடதாசிக் கணக்கு. போயா, மழை, காய்ச்சல், கலியாணவீடு என்று 60 மணித்தியாலத்தில் 10 போனால் 40,000. நல்லூர்க் கொடி ஏறினால் வெள்ளவத்தையில் பலர் ஊருக்குப் போய்விடுவார்கள். அதனால் முதல் நாள் படிவத்திலேயே எழுதி வாங்குங்கள்: 12 மணித்தியாலத்துக்கு முன் சொல்லாமல் நின்றால் அந்த வகுப்புக் கழியும்.

நியமனக் கடிதத்தில் பார்க்க வேண்டியவை: 40 வீதம் முழு விலைக்கா, கழிவு போன விலைக்கா? பாதியில் விலகினால், ஏற்கெனவே காசு கட்டிய வகுப்புகளின் பங்கு யாருக்கு? சேமலாப நிதிக்கு 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் முதலாளி கட்ட வேண்டும். 35,000க்கு அது 5,250. சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்தும் 8 வீதம் வெட்டுவார்கள். 'ஃப்ரீலான்ஸ்' என்று எழுதிவிட்டு முழுநாளும் ஃபுளோரில் நிற்கச் சொல்லும் இடத்தில் முதலில் காணாமல் போவது இந்த 5,250தான்.

புது ட்ரெய்னர்மார் கஸ்டமரை இழப்பது பெரும்பாலும் முதல் கிழமையில். திறமையைக் காட்ட வேண்டும் என்று முதல் நாளே நாலு செட் ஸ்குவாட், அதன்மேல் லன்ஜஸ் (ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடக்குவது). மற்ற நாள் அந்த மனுஷன் படி இறங்கமாட்டார், மூன்றாம் நாள் போன் எடுக்கமாட்டார். உங்களுக்கு மாதம் 9,600 போச்சு. முதல் இரண்டு கிழமை கதிரையில் இருந்து எழும்புவதும் லேசான டம்பெல் ரோவும் (குனிந்து நின்று டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுப்பது) போதும். இரண்டே செட், இன்னும் மூன்று நாலு தரம் செய்யலாம் என்ற இடத்தில் நிறுத்துங்கள். விடிய 5.30க்கு வருகிற சீனி வருத்தக்காரரிடம் குளிசை போட்டாரா, சாப்பிட்டாரா என்று கேட்காமல் தொடங்க வேண்டாம். வெறும் வயிற்றில் குளிசையோ இன்சுலினோ போட்டுவிட்டு வந்தால் சீனி சடாரென இறங்கி நடுங்கி வியர்க்கலாம். குளுக்கோஸ் பக்கெட் ஒன்று கைவசம் இருக்கட்டும். நெஞ்சுநோ, தலைசுற்று என்று சொன்னால் டொக்டரின் துண்டு வரும்வரை பாரம் தூக்க விடாதீர்கள். புரோட்டீன் டின் விற்ற கமிஷனை நம்பிக் கணக்குப் போடவும் வேண்டாம். தசை வளர்க்க ஸ்டெராய்டு ஊசி கேட்டு வருகிறவரை அனுப்பிவிடுங்கள்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்தால் முழுக் காசும் உங்களுக்கு என்பார்கள். பின்னேரம் காலி வீதியில் பஸ்ஸில் இருந்து பாருங்கள், ஒரு மணித்தியால வகுப்பு இரண்டரை மணித்தியாலத்தை விழுங்கும். ஒரே அபார்ட்மென்டில் மூன்று பேர் கிடைத்தால் மட்டும் சரிவரும்; அதற்கும் அங்குள்ள ஜிம்மைப் பாவிக்க மனேஜ்மென்டிடம் அனுமதி வேண்டும்.

என் அபிப்பிராயம்: கடிதத்தைத் திருத்தி வாங்கிக்கொண்டு அந்த ஜிம்மில் ஒரு வருஷம் நில்லுங்கள். டுபாய் பிறகு. அங்கே ரெப்ஸ் (உடற்பயிற்சி ட்ரெய்னர்மாரின் பதிவேடு) பதிவு கேட்பார்கள். உங்கள் சான்றிதழ் அதற்குச் செல்லுமா என்று இப்போதே பாருங்கள். ஏசிஇ, என்ஏஎஸ்எம் என்ற அமெரிக்க அமைப்புகளின் சான்றிதழ் என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் சுமார் 20 மணித்தியாலத் தொடர்கல்வி காட்டிப் புதுப்பிக்க வேண்டும். சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) அட்டையின் திகதியும் முடிந்திருக்கக் கூடாது.