சுவரில் 17 படங்கள், கையில் ஒரு ரசீது

கேள்வி: எங்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஐ.நா.வின் 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளைப் படமாக வரைந்திருக்கிறார்கள். 2030-க்குள் எட்ட வேண்டுமாம். ஒரு சின்ன ஊராட்சி இத்தனைக்கும் எப்படித் திட்டம் போடும்?
– மகளிர் குழு உறுப்பினர், சங்கரன்கோவில் வட்டாரம்

பதில்: சுவரை விடுங்கள் சகோதரி, ஊராட்சியின் மின் கட்டண ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தெருவிளக்கும் குடிநீர் மோட்டாரும் எவ்வளவு விழுங்குகின்றன என்று தெரியும். மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சிக்கும் இதே தலைவலிதான். 2006-இல் கடன் வாங்கி, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவினார்கள்; தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றார்கள். எல்லா ஊருக்கும் காற்றாலை ஒத்துவராது. ரசீதைப் படிப்பது ஒத்துவரும்.

நான் ஊராட்சிச் செயலராக இருந்து ஓய்வுபெற்றவன். ஒரு மே தினக் கிராம சபையில், "மோட்டார் நாலு மணி நேரம் ஓடுகிறது, கீழத்தெருவுக்கு மூன்று குடம்கூட வரவில்லை" என்று பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் ஆப்பரேட்டருடன் குழாய்த்தடத்தில் நடந்தேன். ஊரே காய்ந்து கிடக்க, சிறுபாலத்தடியில் மட்டும் அருகம்புல் பச்சைப்பசேல் என்று மண்டியிருந்தது. இரண்டு ஆடுகள் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன. அங்கேதான் வால்வு ஒழுகியது. அதைச் சரிசெய்ததும் கீழத்தெருவுக்குத் தண்ணீர் போனது, மோட்டார் ஓடும் நேரமும் குறைந்தது. உங்கள் சுவரில் தண்ணீர் 6-ஆவது படம், மின்சாரம் 7-ஆவது. அன்றைக்கு எங்களுக்கு அந்த எண்கள் எதுவும் தெரியாது.

பணம்? மத்திய வரிப்பணத்தைப் பங்கிடப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக்குழு, 2021–26 காலத்துக்கு ஊராட்சிகளுக்கான மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கிவைத்தது. ஆனால் பல ஊர்களில் திட்டம் என்பது போன வருடத் தாளில் தேதியை மாற்றுவதுதான்: ஒரு சாலை, ஒரு சிறுபாலம், முடிந்தது.

அடுத்த ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்ட வேலை, அக்டோபர் 2 கிராம சபையை ஒட்டித் தொடங்கும். அதற்கு முன்பே உங்கள் குழுவினர் தெருத்தெருவாகப் போய், எந்தக் குழாயில் எத்தனை குடம், எந்த அங்கன்வாடியில் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சபையில் அதை வாசித்துத் தீர்மானமாக்குங்கள். கையெழுத்துப் போடும் முன் தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியிருக்கிறதா என்று உரக்கப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். வெறும் பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு நிரப்பும் பழக்கம் உண்டு, நானும் வாங்கியிருக்கிறேன்.