வலஞ்சுழியா, இடஞ்சுழியா? தண்ணீர் வடிவது பற்றிக் கேள்வி பதில்

பொறியியல் கல்லூரி ஒன்றில் முப்பது வருடம் நீரியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டவன் நான். அதனால் இந்த வாரம் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். ஓட்டை வழியே வடியும் தண்ணீர் சுழல்வதற்கும் பூமி சுற்றுவதற்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் தலைப்பு. மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள் போகிற பக்கம் சுழன்றால் வலஞ்சுழி, எதிர்ப்பக்கம் என்றால் இடஞ்சுழி. கேள்வியிலும் இப்படியே எழுதினால் குழப்பம் வராது.

சென்னை வாசகர்: பூமியின் வடபாதியில் தண்ணீர் இடஞ்சுழியாக வடியும் என்று படித்திருக்கிறேன். எங்கள் வீட்டு வாஷ்பேசினில் எப்போதும் வலஞ்சுழிதான். பேசினில் கோளாறா, படித்ததில் கோளாறா?

படித்ததில்தான். முழுப்பொய் இல்லை, அளவு தெரியாமல் சொல்லப்பட்ட உண்மை.

துருவத்தில் நின்றால் காலடித் தரை ஒரு நாளில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். பூமத்திய ரேகையில் தரை அப்படித் திரும்புவதே இல்லை. சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. அங்கே தரை ஒரு சுற்றுத் திரும்பச் சுமார் 106 மணி நேரம், அதாவது நான்கரை நாள் ஆகும். திசை இடஞ்சுழி. உங்கள் பேசினில் அசையாமல் நிற்கும் தண்ணீரும் உண்மையில் இந்த வேகத்தில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது அடைப்பை எடுக்கிறீர்கள். விளிம்பில் இருந்த தண்ணீர் நடுவுக்கு வருகிறது. கையை நீட்டிச் சுழல்பவர் கையை மடக்கினால் வேகம் கூடுமே, அதே கதை. ஆரம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் சுழற்சி நூறு மடங்காகும். 20 செ.மீ. ஆர பேசின், 2 செ.மீ. ஆர ஓட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். 106 மணி நேரம் 64 நிமிடமாகச் சுருங்கும். கிட்டத்தட்ட கடிகாரத்தின் நிமிட முள் வேகம். பூமி தரும் பங்கு அவ்வளவுதான். பேசின் காலியாவதோ 15 விநாடியில். அதற்குள் பூமியால் தண்ணீரை ஒன்றரை பாகைகூடத் திருப்ப முடியாது.

நீங்கள் குழாயைத் திறந்து நிரப்பியபோது பத்து நிமிடத்துக்கு ஒரு சுற்று என்ற அளவில், கண்ணுக்கே தெரியாத ஒரு அசைவு மிஞ்சியிருந்தால் போதும். அது பூமியின் பங்கைவிட அறுநூறு மடங்குக்கும் மேல். யார், எந்தப் பக்கத்திலிருந்து நிரப்பினார்கள் என்பதைத் தண்ணீர் மணிக்கணக்கில் மறக்காது. இதை இன்றைக்குப் பத்து முறையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பேசினில் குழாய் நடுவில் இருக்கிறதா, கொஞ்சம் ஒரு பக்கம் தள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்.

கோவை, எட்டாம் வகுப்பு மாணவியின் அம்மா: பள்ளிக் கண்காட்சிக்கு இதைச் செய்து காட்ட முடியுமா ஐயா? மகள் பிடிவாதமாக இருக்கிறாள்.

பிடிவாதம் இருந்தால்தான் இந்தச் சோதனை நடக்கும் அம்மா.

1962ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. பேராசிரியர் ஆஷர் ஷப்பீரோ இதைச் செய்தார். ஆறடி விட்டமுள்ள வட்டத் தொட்டி, ஆறு அங்குல ஆழத்துக்குத் தண்ணீர், அடியில் நட்டநடுவில் முக்கால் அங்குலத்தில் பாதி அளவே ஒரு துளை. அடைப்பைத் தொட்டிக்குள் வைக்கவில்லை. துளையிலிருந்து இருபதடி நீளக் குழாய் இறக்கி அதன் கடைசி முனையில் வைத்தார். அடைப்பை எடுக்கும்போது தண்ணீர் அலுங்கக் கூடாதே. நிரப்பும்போது வேண்டுமென்றே வலஞ்சுழியாகச் சுழலவிட்டு நிரப்பினார். மேலே பிளாஸ்டிக் விரித்து மூடி, அறையின் வெப்பம் மாறாமல் பார்த்துக்கொண்டு, 24 மணி நேரம் சும்மா விட்டார். ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் விட்டுத் திறந்தபோது தண்ணீர் வலஞ்சுழியாகவே போனது. நிரப்பிய கதையை மறக்கவில்லை. ஒரு நாள் விட்டபோது மறந்தது.

திறந்த பிறகு பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் ஒன்றுமே தெரியவில்லை. சிலுவை போல ஒட்டிய இரண்டு மரச் சிம்புகள் நடுவில் மிதந்துகொண்டிருந்தன. தொட்டி காலியாகும் நேரத்தில் அவை மெல்ல இடஞ்சுழியாகத் திரும்பத் தொடங்கி, கடைசியில் மூன்று நான்கு விநாடிக்கு ஒரு சுற்று என்று ஓடின. நான் மேலே சொன்ன கணக்கை இந்தத் தொட்டிக்குப் போட்டுப் பாருங்கள். ஆரம் 192 மடங்கு சுருங்குகிறது, சுழற்சி ஏறக்குறைய 37,000 மடங்காகிறது, சோதனை நடந்த பாஸ்டன் வட்டாரத்தின் 42 பாகைக்கு மூன்றரை விநாடி வருகிறது. வகுப்பில் இதைக் கரும்பலகையில் போடும் ஒவ்வொரு வருடமும் எனக்குப் புல்லரிக்கும். 1965ல் சிட்னியில் இதே மாதிரி செய்தார்கள், அங்கே வலஞ்சுழி வந்தது.

நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குக் கிட்ட, அதனால் நமக்குக் கிடைக்கும் சுழற்சி பாஸ்டனில் மூன்றில் ஒரு பங்குதான். சிறிய தொட்டியில் எடுபடாது. மூன்று நான்கு அடி விட்டமாவது வேண்டும்.

ஒரு எச்சரிக்கை, சொந்த அனுபவம். எங்கள் ஆய்வகத்தில் நான் முதல்முறை செய்தபோது ஒரு பகல், ஒரு இரவு காத்திருந்தேன். காலையில் போனால் தண்ணீர் மெதுவாக ஆடிக்கொண்டிருக்கிறது. என்னவென்று கேட்டால் வாட்ச்மேன், “கொசு முட்டை போட்டிருக்கான்னு கையை விட்டுப் பாத்தேன் சார்” என்றார். மறுபடி 24 மணி நேரம்.

திண்டுக்கல்: ஆஸ்திரேலியாவில் டாய்லெட் ஃப்ளஷ் தலைகீழாகச் சுற்றுமாமே?

விளிம்புக்கு அடியில் உள்ள துளைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றனவோ அந்தப் பக்கம் சுற்றும். கோப்பையைச் செய்தவரைக் கேளுங்கள்.

மதுரை, இயற்பியல் ஆசிரியை: பூமி சுற்றுவதால் ஓடும் பொருளைப் பக்கவாட்டில் தள்ளுவதாகத் தோன்றும் கொரியோலிஸ் விசை என்பதே உண்மையான விசை இல்லை. அதை நீங்கள் தெளிவாகச் சொல்லவில்லை.

சரிதான். அதனால்தான் அந்தப் பெயரையே இதுவரை எடுக்காமல் தரை சுற்றுகிறது என்று மட்டும் சொல்லிவந்தேன். பிரான்ஸின் கொரியோலிஸ் 1835ல் எழுதியது சுழலும் இயந்திரங்களைப் பற்றி. சுழலும் தரையில் நின்று கணக்குப் போடுபவருக்கு அந்த விசை தேவைப்படுகிறது, வெளியே நின்று பார்ப்பவருக்குத் தேவையில்லை. வானிலைக்காரர்கள் எல்லாரும் தரையில் நிற்பவர்கள்.

நைரோபியில் வேலை செய்யும் ஒருவர்: மன்னிக்கவும், நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை. இங்கே கென்யாவில், நான்யுகி ஊரில் பூமத்திய ரேகைப் பலகை பக்கத்தில் ஒருவர் ஓட்டை போட்ட சட்டியில் தண்ணீரும் தீக்குச்சியும் போட்டுக் காட்டினார். வடக்கே இருபது மீட்டர் போனால் ஒரு பக்கம், தெற்கே இருபது மீட்டர் போனால் எதிர்ப்பக்கம். கோட்டின் மேலே சுழலவே இல்லை. என் கண்ணால் பார்த்தேன்.

நீங்கள் பார்த்தது நிஜம்தான். சுழற்றியவர் அந்த மனிதர். கோட்டிலிருந்து இருபது மீட்டரில் தரை ஒரு சுற்றுத் திரும்ப எவ்வளவு காலம் தெரியுமா? சுமார் 870 வருடம். சட்டியில் நூறு மடங்காக்கினாலும் தீக்குச்சி ஒரு சுற்று வர எட்டரை வருடம் ஆகும். உங்களுக்கு அரை நிமிடத்தில் காட்டியிருப்பார்.

மறுபடி நைரோபி: தண்ணீரைத் தொடவே இல்லை சார் அவர்! சட்டியை வைத்தார், ஊற்றினார், விரலை எடுத்தார்.

“ஊற்றினார்” என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நடுவில் ஊற்றினால் சுழலாது. வலது விளிம்போரமாக ஊற்றினால் ஒரு பக்கம், இடது விளிம்போரமாக ஊற்றினால் மறுபக்கம். வீட்டில் ஒரு சட்டியில் துளை போட்டு மகனை ஊற்றச் சொல்லுங்கள், நைரோபியில் இருந்தபடியே இரண்டு அரைக்கோளத்தையும் காட்டுவான்.

கரூர்: சார், ஒருவர் இவ்வளவு தூரம் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அவரைப் பொய்யர் என்கிறீர்களா?

இல்லை. மோடி வித்தை பார்த்துவிட்டு வந்தவரை யாராவது பொய்யர் என்பார்களா?

நாகப்பட்டினம், மீனவர் குடும்பம்: புயல் வரும்போது முதலில் வாடைக்காற்று, கரையைக் கடந்தபின் தெற்கிலிருந்து சோழகம் என்று தாத்தா சொல்வார். இதற்கும் பூமி சுற்றுவதற்கும் தொடர்பு உண்டா?

இன்றைக்கு வந்த கேள்விகளில் இதுதான் கேள்வி. வாஷ்பேசினைவிட்டு வெளியே வந்தோமே.

சென்னை அட்சரேகையில் பூமியின் சுழற்சி ஒரு நகரும் பொருளை உருப்படியாகத் திருப்ப எட்டு ஒன்பது மணி நேரம் வேண்டும். பேசினுக்கு அந்த நேரம் இல்லை. புயலுக்கு நாள்கணக்கில் இருக்கிறது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடமும் இருக்கிறது. நடுவில் காற்றழுத்தம் குறைவு என்பதால் நாலாபக்கமிருந்தும் காற்று உள்ளே ஓடிவருகிறது. வடபாதியில் ஓடும் எதுவும் தன் வலப்பக்கம் விலகும். அப்படியானால் புயல் வலஞ்சுழியாக அல்லவா சுற்ற வேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். அங்கேதான் சிக்கல். வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வரும் காற்றுக்கு வலப்பக்கம் மேற்கு. அது மையத்தைத் தவறவிட்டு மேற்குப்புறமாக இறங்குகிறது. தெற்கிலிருந்து வருவது கிழக்குப்புறமாக ஏறுகிறது. மேற்கில் இறக்கம், கிழக்கில் ஏற்றம். விரலால் வரைந்து பாருங்கள், இடஞ்சுழி.

புயல் கிழக்கே கடலில் இருக்கும்போது நீங்கள் அதன் மேற்குப்புறத்தில் நிற்கிறீர்கள், அதனால் வாடை. அது உங்களைத் தாண்டி மேற்கே போனதும் கிழக்குப்புறத்தில் நிற்கிறீர்கள், அதனால் சோழகம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின் கண் சென்னையைக் கடந்தபோது நடுவில் காற்று அடங்கியது. முடிந்தது என்று வெளியே வந்தவர்கள் எதிர்த்திசையிலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். காற்று உங்கள் முதுகில் படும்படி நின்றால் புயலின் மையம் இடக்கைப் பக்கம் இருக்கும். டச்சுக்காரர் பைஸ் பலோட் 1857ல் எழுதிய விதி இது. உங்கள் தாத்தாவுக்குப் பெயர் தெரியாதே தவிர விதி தெரிந்திருக்கிறது. இன்னொன்று: புயல் நம் கிழக்குக் கரையைக் கடக்கும் இடத்துக்கு வடக்கே காற்று கடலைக் கரைமேல் தள்ளும், தெற்கே கடலை உள்ளே இழுக்கும். கடல் உள்வாங்கியது என்று வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள்.

தென்மேற்குப் பருவக்காற்றும் இதே குடும்பம்தான். பூமத்திய ரேகைக்குத் தெற்கே தென்கிழக்கிலிருந்து புறப்படும் காற்று, கோட்டைத் தாண்டியதும் வலப்பக்கம் வளைந்து தென்மேற்குக் காற்றாக நம்மிடம் வருகிறது.

சிங்கப்பூர்: அதனால்தான் எங்களுக்குப் புயல் வருவதில்லையா?

ஆமாம். ஐந்து பாகைக்குள் புயல் உருவாவது அரிது. ஆனால் 2001 டிசம்பரில் வாமெய் என்ற புயல் சுமார் 1.4 பாகையில், உங்களுக்குப் பக்கத்திலேயே உருவானது. ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்த காற்று கிடைத்தால் இயற்கையும் நிரப்பிய கதையை மறப்பதில்லை.

ஈரோடு: சம்ப்பில் தண்ணீர் குறைந்ததும் சுழி விழுந்து மோட்டார் காற்று இழுக்கிறது. இதுவும் பூமியால்தானா?

இல்லை. குழாய் ஒரு சுவரோரமாக இருக்கும், தண்ணீர் ஒரு பக்கமிருந்து வரும், அதனால் சுழி. ஃபுட் வால்வுக்கு மேல் ஒன்றரை முழமாவது தண்ணீர் நிற்கும்போதே மோட்டாரை நிறுத்துங்கள். சுழி விழும் இடத்துக்கு மேல் ஒரு பலகையை மிதக்கவிட்டாலும் அடங்கும். சுழி என்றதும் ஞாபகம் வருகிறது: ஏரி மதகு திறந்திருக்கும்போது பக்கத்தில் யாரும் குளிக்காதீர்கள். மேலே சின்னக் குழியாகத் தெரியும் சுழிக்கு அடியில் இழுப்பு ஆளையே கொண்டுபோகும்.

கும்பகோணம்: திருவலஞ்சுழியில் காவிரி வலமாகச் சுழித்தது இதனால்தானே?

அது தலபுராணம். ஓதுவாரிடம் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்.

விருதுநகர்: கிச்சன் சிங்க்கில் தண்ணீர் எந்தப் பக்கம் சுழல வேண்டும்?

மேலே பார்க்கவும்.

தாம்பரம்: துப்பாக்கி விளையாட்டில் இதைக் கணக்கில் எடுக்க வேண்டுமா?

நிஜத் துப்பாக்கியிலேயே ஒரு கிலோமீட்டருக்கு நம் ஊரில் இரண்டு மூன்று செ.மீ. விலகல்தான். காற்றைக் கவனியுங்கள்.

ஆவடி: ஃப்ளஷ் ஆஸ்திரேலியாவில்...

மேலே. திண்டுக்கல்லுக்குச் சொன்னது.

நைரோபி: சார், வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். வடக்கே ஊற்றும்போது ஜக் வலது கையில் இருக்கிறது. தெற்கே போனதும் இடது கைக்கு மாற்றிக்கொள்கிறார். கோட்டின்மேல் இரண்டு கையாலும் பிடித்து நடுவில் ஊற்றுகிறார். ஆனாலும் அழகாகச் செய்கிறார்.

அந்தக் கைப்பழக்கத்துக்குத்தான் நீங்கள் காசு கொடுத்தீர்கள். நான் அங்கே வந்தாலும் கொடுப்பேன்.

கோவை அம்மா: மூன்றரை அடியில் ஒரு வட்டத் தொட்டி கிடைத்துவிட்டது. 24 மணி நேரம் ஃபேன் போடாமல் இருக்கக்கூடிய இடம் எங்கள் வீட்டில் ஸ்டோர் ரூம் ஒன்றுதான். போதுமா?

போதும். ஜன்னலில் வெயில் விழுந்தால் மறைத்துவிடுங்கள், ஒரு பக்கம் சூடானால் தண்ணீர் தானே நகர ஆரம்பிக்கும். துளைக்குக் கீழே நீளமாகக் குழாய் விடுங்கள், அடைப்பு அதன் முனையில். நிரப்பும்போது வலஞ்சுழியாக நிரப்பச் சொல்லுங்கள், அப்புறம் இடஞ்சுழி வந்தால் யாரும் வாயைத் திறக்க முடியாது. அறையைப் பூட்டிச் சாவியை நீங்களே இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். கொசு முட்டை இருக்கிறதா என்று பார்க்க உங்கள் வீட்டிலும் யாராவது இருப்பார்கள்.