முதல் அடியில் சுரீர்: குதிகால் வலிக் கேள்விகள்

கேள்வி: வயது 46. காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் குதிகாலில் சுரீரென்று குத்துகிறது. கொஞ்சம் நடந்தால் குறைகிறது. நின்று சமைத்தால் சாயங்காலம் மறுபடி ஆரம்பித்துவிடுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருக்கிறதாம். ஆபரேஷன் வேண்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்த எலும்பு முள்ளுக்காக மட்டும் ஆபரேஷன் தேவையில்லை. வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரேயில் அது தெரியும். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் பிளான்டார் ஃபேஷியைடிஸுக்குப் பொருந்துகின்றன. குதிகால் எலும்பின் அடியிலிருந்து விரல்களின் வேர் வரை ஓடும் தடித்த நார்ப்படலம்தான் பிளான்டார் ஃபேஷியா. தூக்கத்தில் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் அது தளர்ந்து கிடக்கும். எழுந்து நின்றதும் உடல் எடை ஏறி வெடுக்கென்று இழுபடும். அதனால் கால் தரையில் படுவதற்கு முன்பே பயிற்சியைச் செய்துவிடுங்கள்.

கட்டிலில் உட்கார்ந்தபடியே, வலிக்கிற காலைத் தூக்கி மறு தொடைமேல் போடுங்கள். விரல்களை அவற்றின் வேரில் பிடித்து, கணுக்காலும் சேர்ந்து மடங்கும்படி மேல்நோக்கி இழுங்கள். மறு கையின் கட்டைவிரலால் உள்ளங்கால் வளைவைத் தடவிப் பாருங்கள். நாணேற்றிய வில் போல ஒரு நார் விறைப்பாகத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லையா? விரல் நுனியை மட்டும் இழுக்கிறீர்கள். 10 விநாடி பிடித்து விடுங்கள். 10 தடவை, தினமும் 3 வேளை.

கெண்டைக்கால் இறுகியிருந்தால் இது மட்டும் போதாது. சுவரில் கையூன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, குதிகால் எழும்பாமல் முன்னால் சாயுங்கள்: முட்டியை நேராக வைத்து 30 விநாடி, லேசாக மடக்கி 30 விநாடி, மும்மூன்று தடவை. பின்னாலிருக்கும் பாதம் வெளிப்பக்கம் திரும்பினால் இழுப்பு போய்விடும். நிறைய பேர் கோட்டைவிடுவது இங்கேதான். குணமாக மாதக்கணக்கில் ஆகலாம். இரண்டு வாரத்தில் சலித்து நிறுத்தாதீர்கள்.

கேள்வி: "ஒட்டிக்கொண்ட சவ்வை உடைக்கிறோம்" என்று சொல்லி குதிகாலை அழுத்தித் தேய்க்கிறார்கள். உயிர் போகிறது. சரியான முறையா?
– வாசகர், ஓசூர்

பதில்: இல்லை. பிளான்டார் ஃபேஷியாவை ஒரு சதவீதம் அமுக்கி நகர்த்துவதற்கே கை தரக்கூடியதைவிடப் பல மடங்கு விசை வேண்டும் என்று 2008இல் வெளியான ஒரு கணக்கீடு காட்டியது. கையால் எதையும் உடைக்க முடியாது. ஆனாலும் தேய்த்தபின் இதமாக இருப்பது பொய்யில்லை. நரம்புகள் கொஞ்ச நேரம் அடங்குகின்றன, தசை இளகுகிறது. அந்த நேரத்தில் மேலே சொன்ன பயிற்சியைச் செய்தால்தான் தேய்த்ததற்குப் பலன்.

குதிகாலில் அதிகமாக வலிக்கும் புள்ளியை விட்டுவிடச் சொல்லுங்கள். அழுத்த வேண்டியது கெண்டைக்கால் சதையையும் உள்ளங்கால் வளைவையும். முடிச்சுபோல் இருக்குமிடத்தில் கட்டைவிரலை வைத்து 30 முதல் 60 விநாடி நிதானமாக அழுத்தினால் போதும். வலி பத்துக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது. மறுநாள் காலை முதல் அடி வழக்கத்தைவிட அதிகமாக வலித்தால் அழுத்தத்தைப் பாதியாக்குங்கள். கன்றிப்போவது நல்ல சிகிச்சைக்கு அடையாளம் இல்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அழுத்தித் தேய்ப்பதையே தவிர்க்க வேண்டும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அதில் கையே வைக்காமல் டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய். சுட்ட செங்கல்மேல் எருக்கிலை வைத்துக் குதிகாலை ஒற்றலாமா?
– வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் தோல் வெந்து கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். எருக்கம்பால் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். மற்றவர்களுக்கும் ஒத்தடத்தால் கிடைப்பது அப்போதைய இதம்தான். அம்மா வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். (மெத்தென்ற நுண்துளை ரப்பர்) செருப்பு போடட்டும், டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்க வேண்டாம். இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, பாதம் மரத்துப்போனாலோ, குதிகாலை இரு பக்கமும் சேர்த்து அமுக்கும்போது வலித்தாலோ காரணம் வேறாக இருக்கலாம், உடனே காட்டிவிடுங்கள்.